கிளறிற்றா கடலுக்குப் போன கதை

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நம்மவர்கள் வீடு பார்க்கும்போது, மூன்று படுக்கையறையோடு ஒரு பெட்டியறையும் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அந்த அறைக்குள் யார் படுப்பது என்பது, வீட்டுக்கு முற்பணம் கட்டும் முன்பே பல குடும்பங்களில் முடிவாகியிருக்கும். கிறிஸ்துராஜாவின் வீட்டில் அது அவனுடைய அக்கா கிளறிற்றாவின் அறை. குறை சொல்லத் தெரியாதவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட அறைகள் கிடைக்கும்.

இத்தனைக்கும் லண்டனுக்கு முதலில் வந்தவள் அவள்தான். யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து இருபத்துமூன்று வயதில் தனியே புறப்பட்டு, குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்தின் முன்னால் பனிக்குள் வரிசையில் நின்று, அகதி என்று பெயர் பதிந்து, ஒருவருடைய முகமும் தெரியாத ஊரில் கால் ஊன்றினாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். படிக்க வைத்தாள். கலியாணமும் கட்டி வைத்தாள். அவளுக்கும் கலியாணப் பேச்சுக்கால் நடக்காமல் இல்லை. தம்பி வந்து சேரட்டும் என்றார்கள். வந்து சேர்ந்ததும் படித்து முடிக்கட்டும் என்றார்கள். பிறகு அம்மா வருத்தமாய்ப் படுக்கையில் என்றார்கள். எல்லாம் ஒருவழியாக முடிந்தபோது, இனி உனக்கு என்னத்துக்கு என்றார்கள். இப்படிச் சொன்னவர்களில் கலியாணம் கட்டாதவர் ஒருவரும் இல்லை.

அவளுக்கு வேலை கனரி வோர்ஃபில். கண்ணாடிக் கோபுரங்களில் கோட்டுப் போட்டவர்கள் வந்து உட்காருமுன் அவர்களுடைய மேசைகளைத் துடைத்து, குப்பைக்கூடைகளை வெறுமையாக்கி, கழிவறைகளைக் கழுவி வைக்கும் வேலை. கூட வேலை செய்தவர்களில் பாதிப்பேர் தென்னமெரிக்கப் பெண்கள்: கொலம்பியா, ஈக்குவடோர், பொலிவியா. மெக்சிக்கோக்காரி ஒருத்தியும் இருந்தாள். நொர்மா என்று பெயர். ஆங்கிலத்தில் இருவரும் ஒரே அளவு தடுமாறியதால் சிநேகிதிகள் ஆனார்கள். ஸ்பானிஷில் கிளறிற்றா முதலில் கற்றுக்கொண்டவை வாளி, கூட்டும் தும்புத்தடி, குப்பைப்பை. அடுத்ததாகச் சூப்பர்வைசரைத் திட்டும் வார்த்தைகள். வணக்கம் சொல்லப் பழகியது அதற்குப் பிறகுதான். வருடங்கள் போகப் போக, விடியற்காலை பஸ்ஸின் பின்வரிசையில் அந்தப் பெண்கள் அடிக்கும் அரட்டையில் ஒரு வார்த்தையும் தவறாமல் அவளும் கலந்துகொண்டாள்.

வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. "அக்கா வேலையில கறுவல், வெள்ளை எல்லாரோடயும் என்னமோ கதைப்பா" என்று கிறிஸ்துராஜா விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிப்பான். அவனுடைய மனைவி பிரசாந்தினி சிரிக்கக்கூட மாட்டாள். கூட்டுகிற இடத்தில் படிக்கிற பாஷை ஒரு பாஷையா என்பது அவளுடைய எண்ணம்.

நொர்மாவின் சொந்த ஊர் பசிபிக் கரையில் உள்ள சான் ஹசிந்தோ என்ற சின்ன மீன்பிடி ஊர். அங்கே அவளுடைய அக்கா ஒத்தீலியா வெளிநாட்டுக்காரருக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை வைத்திருந்தாள். "நீ பேசுவது எல்லாம் சரி. ஆனால் வாளியும் தும்புத்தடியும் போலப் பேசுகிறாய். போ, ஒரு மாதம் என் அக்காவிடம் இருந்து மனிசர் மாதிரிப் பேசப் பழகு" என்று நொர்மா ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து கிளறிற்றாவின் கைப்பேசியில் அந்த ஊரின் படங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஓலை வேய்ந்த திறந்த கூடம், அதற்குள் ஒரு கரும்பலகை, பின்னால் கடல்.

படிக்கிற கதை என்பதால், அந்தக் கடலில் அவள் குருநகரைக் கண்டாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். குருநகரில் கடல் ஆம்பிளைகளுடையது. கரையில் பெண்பிள்ளை ஒருத்தி சும்மா நின்றாலே யாரைப் பார்த்து நிற்கிறாள் என்ற கேள்வி வீடுவரை வந்துவிடும். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் கழுத்தளவு கடல்நீரில் ஒருமுறையாவது இறங்கியறியாதவள் அவள். அவளுக்கு வந்தது ஆசை. ஐம்பத்தேழு வயதில், முதற்தரம், தனக்கென்று ஒரு ஆசை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது சொன்னாள்.

"ராஜா, நான் தையில ஒரு மாசம் மெக்சிக்கோவுக்குப் போகப்போறன்."

பிரசாந்தினி கறிச்சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "மெக்சிக்கோவுக்கோ? ஆரோட, மச்சாள்?"

"தனியத்தான்."

"தனியவோ? அங்க என்னத்துக்கு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஸ்பானிஷ் படிக்க, கடலில் குளிக்க, ஒருவருக்கும் சமைக்காமல் ஒரு மாதம் இருக்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நம் ஆட்களிடம் அப்படி ஒரு பயணம் கிடையாது. கலியாணம் கட்டாத பெண் யாத்திரையாக லூர்துக்குப் போகலாம், பாத்திமாவுக்குப் போகலாம், கோடையில் பஸ் பிடித்து வால்சிங்காமுக்குப் போகலாம், ஊருக்குப் போனால் மடுவுக்கும் போகலாம். சந்தோஷத்துக்குப் போக அவளுக்கு விசா இல்லை. மாதாவிடம் போவதென்றால் ஒரு விசாவும் வேண்டாம். அது கிளறிற்றாவுக்கு நன்றாகத் தெரியும். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"குவாடலூப்பே மாதாவிட்ட."

செய்த பிழை அதுதான். எங்கள் சனத்திடம் மாதாவின் பெயரைச் சொல்லிவிட்டுத் தனியே ஒரு பயணம் போகலாம் என்று நினைத்தாள் பாருங்கள். பிரசாந்தினியின் கண் கலங்கிவிட்டது. அவளுடைய மகள் மெலனி மூன்றாம் முறை உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. மெலனிக்கும் அவள் புருஷன் டிலுக்சனுக்கும் அதைப்பற்றிப் பேசவே பயம்.

"மச்சாள், மாதாவாப் பாத்துத்தான் உங்களை அனுப்புறா. குவாடலூப்பே மாதா பிள்ளைத்தாச்சி மாதாவெல்லே! நான் இப்பவே நேர்த்தி வைக்கிறன்" என்று எழுந்து மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்தினாள்.

"ஒரு மாசம் எண்டு சொன்னனீங்கள்?" என்று கிறிஸ்துராஜா இழுத்தான்.

"அங்க தியானம் நடக்குது" என்றாள் கிளறிற்றா. இரண்டாவது பொய்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் பயணம் அவளுடையதாக இல்லாமல் போய்விட்டது. வெம்பிளியில் நகைக்கடையில் சொல்லி, வெள்ளியில் ஒரு சின்னக் குழந்தை உரு செய்வித்துக் கொண்டுவந்தாள் பிரசாந்தினி. பூசை முடிந்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து, என்னுடைய மகனுக்கும் சொல்லுங்கோ, என்னுடைய முழங்காலுக்கும் சொல்லுங்கோ என்று கையைப் பிடித்தார்கள். மெலனி மட்டும் தனியே வந்து காதோடு, "மாமி, என்ஜோய் பண்ணுங்கோ, ஓகே? அம்மாட பேச்சை விடுங்கோ" என்றாள். அந்தப் பெட்டியறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து கதைக்கிற ஒரே சீவன் அவள்தான். மருந்தாளர் வேலை பார்க்கிறவள், நேர்த்தி கீர்த்தியில் நம்பிக்கை இல்லாதவள். குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கித் திரிந்தவள் கிளறிற்றா.

சான் ஹசிந்தோவைப்பற்றிச் சொல்வதென்றால் கிளறிற்றாவின் முகத்தைத்தான் சொல்லவேண்டும். இரண்டாம் நாளே அது மாறிவிட்டது. காலையில் ஓலைக்கூடத்தில் வகுப்பு. மற்ற மாணவர்கள் கனடாக்காரர்களும் ஜேர்மன்காரர்களுமாக, வினைச்சொற்களை எழுதி எழுதிப் படித்தார்கள். கிளறிற்றாவோ எழுதத் தெரியாமல் சரளமாகப் பேசினாள். ஒத்தீலியா தலையில் கை வைத்துக்கொண்டு, "உனக்கு யார் இந்த வார்த்தையைச் சொல்லித்தந்தது? என் தங்கையா? அவளை நான் கொல்கிறேன்" என்று சிரித்தாள். கெட்ட வார்த்தைகளைக் களைந்து, நல்லவற்றை நட்டு, மாலையில் பாடம் முடிந்த பிறகும் சமையலறையில் வைத்துக் கதை கேட்டுக் கதை சொல்லி, அவளை மனிசர் மாதிரிப் பேச வைத்தாள்.

மத்தியானம் படகுகள் வந்ததும் கரையிலேயே மீன் விலை பேசுவாள் கிளறிற்றா. மீனின் செவுளைத் திறந்து பார்க்கிற விதத்தைக் கண்டே மீன்காரன் விலையைக் குறைத்தான். மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் தூவி விற்கிறவள் இவளுக்கு மட்டும் இன்னொரு கை மிளகாய் போட்டாள். மாலையில் கோவில் முன்றலில் ஊர்ச்சனம் முழுக்கச் சும்மா சுற்றி நடக்கும். கிளறிற்றாவும் நடந்தாள். பெயரை யாருக்கும் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு ஒரு கிளறிற்றா இருந்தாள். ஆனாலும் ஊரார் அவளுக்கு வைத்த பட்டம் "லா இங்லேசா", இங்கிலாந்துக்காரி. முப்பது வருடத்துக்கு மேலாக லண்டனில் இருந்தும், கடவுச்சீட்டை வைத்துக்கொண்டும், ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரைப் பெற மெக்சிக்கோவுக்குப் போகவேண்டியிருந்தது.

பிள்ளைகள் எத்தனை என்று அங்கேயும் கேட்டார்கள். கேட்காத ஊர் எங்கேதான் இருக்கிறது? இல்லை, கலியாணமும் இல்லை என்றாள். மாங்காய் விற்கிறவள் அவளை மேலும் கீழும் பார்த்து, "அதுதான் முதுகு நேராக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒரு "ஐயோ பாவம்" இல்லை, மாதாவிடம் மன்றாடவில்லை. கிளறிற்றா கல்லில் உட்கார்ந்து அந்த மாங்காயை முழுக்கச் சாப்பிட்டாள். சந்தோஷத்தில் மூக்கு ஒழுகியது. மிளகாயால் என்று நினைத்தார்கள்.

ஊருக்குப் பக்கத்தில் அலை அடங்கிய ஒரு சின்னக் குடா. அங்கே ஒத்தீலியா அவளுக்கு மல்லாந்து மிதக்கப் பழக்கினாள். முதுகின் கீழே கையை வைத்துப் பிடித்து, கழுத்தை விடு, கழுத்தை விடு என்பாள். கிளறிற்றாவுக்கு எல்லாம் வந்தது, கழுத்தை விட மட்டும் வரவில்லை. முப்பது வருடமாகப் பிடித்து வைத்த கழுத்து. கையை எடுத்தவுடன் தாழ்ந்துபோவாள். உப்புத்தண்ணியைத் துப்பிக்கொண்டு, இன்னொருக்கா என்பாள்.

திட்டம் என்னவென்றால், முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மெக்சிக்கோ நகரத்துக்குப் போய், குவாடலூப்பே மாதா கோவிலில் வெள்ளிக் குழந்தையை வைத்துவிட்டு, அங்கிருந்து விமானம் ஏறுவது. அந்த நாள் மாசி, அதாவது பெப்ரவரி பதினொன்று, லூர்து மாதா திருநாள். பொருத்தமான நாள் என்று பிரசாந்தினியே பார்த்துச் சொல்லியிருந்தாள். பத்தாம் திகதி பின்னேரம் குடாவில், ஒத்தீலியாவின் கை எடுபட்ட பிறகும் கிளறிற்றா ஒரு கணம் தாழாமல் கிடந்தாள். ஒரு கணம்தான். பிறகு பயந்து காலை உதறினாள். "நாளைக்கு வந்துவிடும்" என்றாள் ஒத்தீலியா.

நாளைக்கு அவள் அங்கே இருக்கக்கூடாது. இரவு முழுக்கப் புரண்டாள். ஒரு மாதம் முழுவதும் அவளுடையதாக இருந்துவிட்டு, அந்த ஒரு நாள் மட்டும் பிரசாந்தினியினுடையதாக இருந்தது. காலையில் பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்தாள். விமானத்தைப் பிடிக்கலாம், கோவிலுக்குப் போக நேரம் இராது. முன்றலில் இருந்த சின்னக் கோவிலுக்குள் போனாள். அங்கேயும் குவாடலூப்பே மாதாதான். பச்சைப் போர்வையில் ஊர்ப்பெண்கள் குத்தி வைத்த தகரக் கைகள், கால்கள், இருதயங்கள். அவற்றுக்கு நடுவில் வெம்பிளியின் வெள்ளிக் குழந்தையையும் குத்தினாள். மெலனியின் பெயரைச் சொல்லி, மனப்பூர்வமாக, முழங்காலில் நின்று மன்றாடினாள். மாதா ஒருத்திதானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஞானோபதேசத்தின்படி அது சரி. மடுவுக்கு வைத்த நேர்த்தியை வேளாங்கண்ணியில் தீர்க்க ஏலாது என்று எந்தச் சுவாமியாரும் படிப்பிப்பதில்லை. ஆனால் ஞானோபதேசம் முழுவதையும் மறந்துபோன நம் சனத்துக்கும், வைத்த இடத்திலேயே தீர்க்கவேண்டும் என்ற அந்த ஒரு விதி மறக்காது. கிளறிற்றாவுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுந்து குடாவுக்குப் போனாள்.

அன்று மிதந்தாள். கழுத்து தானாக விட்டது. காதுக்குள் தண்ணீர், கண்ணுக்கு மேலே வானம், கீழே ஒருவருடைய கையும் இல்லை. "மிதக்கிறேன்! பாருங்கள், மிதக்கிறேன்!" என்று ஸ்பானிஷில் கத்தினாள். கரையில் நின்ற கனடாக்காரர் கைதட்டினார்கள். ஒத்தீலியா கைப்பேசியில் படம் பிடித்தாள்.

அன்று மாலை ஒத்தீலியா ஒரு யோசனை சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஊர்ப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. "வருடத்தில் பாதி இங்கே வந்திரு. உன்னுடைய ஆங்கிலம் மோசம்தான். ஆனால் எங்களுக்குப் போதும்." கிளறிற்றா அந்த அறையைப் போய்ப் பார்த்தாள். கதவு முழுதாகத் திறந்தது. வருகிறேன், கோடை முடிந்ததும் வருகிறேன் என்றாள். வாழ்க்கையில் முதற்தரம், ஒருவரையும் கேட்காமல் ஒரு சொல் கொடுத்தாள்.

லண்டனுக்கு வந்ததும் பிரசாந்தினி அவளைக் கட்டிப்பிடித்தாள். "மாதாவின்ர காலடியில வைச்சனீங்களோ?"

"ஓம், வைச்சனான்" என்றாள் கிளறிற்றா. திருநாள் பூசை எப்படி, சனம் எவ்வளவு என்று கோவில் பெண்கள் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வந்தது. பொய் ஒன்று சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. மெலனிக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. கிளறிற்றா வேலையிடத்தில் ஓய்வு பெறுவதற்கு விசாரித்தாள், விமானத்துக்குப் பதிந்தாள், மெலனிக்கு மட்டும் அந்த அறையைப்பற்றிச் சொன்னாள். "போங்கோ மாமி, சீரியஸ்லி. பேபியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வந்து பாப்பம்" என்று மெலனி சிரித்தாள்.

ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது.

அதைப்பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. ஒரு கையில் தூக்கக்கூடிய பெட்டி. டிலுக்சன்தான் தூக்கிக்கொண்டு போனான். கிளறிற்றா அந்த வாரங்களில் மெலனிக்குப் பால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, தலை சீவிவிட்டு, பக்கத்தில் கிடந்தாள். மாதா ஏன் கைவிட்டா என்று பிரசாந்தினி அழும்போதெல்லாம் கிளறிற்றா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். வாயைத் திறக்கவில்லை.

திறக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒத்தீலியா பள்ளிக்கூடத்தின் விளம்பரத்துக்காக அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டாள். "மாசி பதினொன்று, எங்கள் இங்கிலாந்துக்காரி கிளறிற்றா மிதக்கப் பழகிய நாள்" என்று எழுதி, கிளறிற்றாவின் பெயரையும் இணைத்துவிட்டாள். அன்பினால் செய்தாள், பாவம். கோவில் பாடகர் குழுவில் ஒருத்தி அதைக் கண்டு, மொழிபெயர்த்துப் பார்த்து, பிரசாந்தினிக்கு அனுப்பினாள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாளாம். இப்படிப்பட்டவர்கள் எல்லாவற்றையும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புவார்கள்.

பின்னேரம் வேலையால் வந்த கிளறிற்றா கோட்டைக் கழற்றுமுன் கிறிஸ்துராஜா கைப்பேசியை நீட்டினான்.

"அக்கா, லூர்து மாதா திருநாளுக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

படத்தில் அவள் முழங்கால்வரை ஒரு காற்சட்டையும் நனைந்த சட்டையுமாக, வாய் கொள்ளாத சிரிப்போடு தண்ணீரில் கிடந்தாள். தன்னுடைய சிரிப்பை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"கடலில" என்றாள்.

"நேர்த்தி?"

"அந்த ஊர்க் கோயில்ல வைச்சனான். அங்கயும் அதே மாதாதான், ராஜா."

பிரசாந்தினி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது. "என்ர பிள்ளை இஞ்ச மூச்சைப் பிடிச்சுக்கொண்டு படுத்துக் கிடக்கேக்க, நீங்கள் அங்க அரைக்களுசானோட குளிச்சிருக்கிறியள்" என்றாள். "பெத்தவளுக்குத்தான் தெரியும் மச்சாள். உங்களுக்கு எங்க விளங்கப்போகுது."

கிளறிற்றா மேசை துடைத்த காசில் படித்து முடித்த அந்தத் தம்பி, அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்களிட்ட சொல்லியிருக்கலாமே. உண்மையைச் சொல்லியிருந்தா ஆர் மறிச்சது?" என்றான். அவன் அதை நம்பியே சொன்னான் என்பதுதான் ஆத்திரம்.

மெலனி இருக்கிறாள் என்ற தைரியம் கிளறிற்றாவுக்கு மிச்சமிருந்தது. அடுத்தநாள் அவளுடைய ஃபிளாட்டுக்குப் போனாள். மெலனி கதவைத் திறந்தாள், தேத்தண்ணி போட்டாள், முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமி, இது க்ரோமசோம் பிரச்சினை. டொக்டர் சொன்னவர். ஒரு சிலையில வெள்ளி குத்தாததால இல்லை. எனக்கு இதில நம்பிக்கையே இல்லை, தெரியும்தானே."

"தெரியும் பிள்ளை."

மெலனி கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு கண் நிறைந்தது. "பட், நீங்கள் போயிருக்கலாம், மாமி. ஒரு நாள்தானே. எனக்காக ஒரு நாள் போயிருக்கலாம்."

பிரசாந்தினி சொன்னது காதோடு போனது. இது உள்ளே போய் இருந்துவிட்டது. ஏனென்றால் அது சரி. முப்பது வருடம் எல்லா நாளையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நாளைத் தனக்கென்று எடுத்தாள். மெலனி கேட்டது அந்த ஒரு நாளைத்தான்.

விமானப் பதிவை அவள் தானாகவே நிற்பாட்டினாள். ஒருவரும் நிற்பாட்டச் சொல்லவில்லை, அதுதான் அந்த வீட்டின் கெட்டித்தனம். ஒத்தீலியா கூப்பிடக் கூப்பிட எடுக்காமல் விட்டாள். பிறகு அந்தக் கூப்பிடலும் நின்றது. நொர்மா கேட்டதற்கு முழங்கால் வருத்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விடியற்காலை பஸ்ஸில் முன்வரிசைக்கு மாறி உட்கார்ந்தாள். வீட்டில் அவளோடு எல்லோரும் மரியாதையாகவே கதைத்தார்கள். சாப்பிட்டீங்களோ, குளிருதோ, அவ்வளவும் கேட்டார்கள். சுரூபத்துக்கு மெழுகுதிரி கொளுத்த மட்டும் அவளை விடுவதில்லை.

அடுத்த வருடம் மெலனி மறுபடி உண்டானாள். இந்தமுறை நேர்த்தியைப் பிரசாந்தினி தானே வைத்தாள், தானே போய்த் தீர்ப்பதாக. வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்கள் முழுவதும் மெலனி அந்த வீட்டுக்கு வரும் நாட்களில், கிளறிற்றாவுக்கு எப்படியோ வெளியில் ஒரு வேலை இருந்தது. கடைக்கு அனுப்பினார்கள், கோவிலுக்கு அனுப்பினார்கள். ஆண்குழந்தை பிறந்தது. சுகமாகப் பிறந்தது. கிளறிற்றா பெட்டியறைக்குள் நின்று அழுதாள். உண்மையான சந்தோஷத்தில்தான் அழுதாள்.

பிள்ளைக்கு எட்டு மாதமானதும் எல்லோரும் மெக்சிக்கோவுக்குப் போனார்கள். கிறிஸ்துராஜா, பிரசாந்தினி, டிலுக்சன், மெலனி, குழந்தை. முதலில் மாதா கோவில், பிறகு கன்கூனில் ஒரு கிழமை கடற்கரை ஹோட்டல். இவ்வளவு தூரம் போய்க் கடலைப் பார்க்காமல் வருவதா என்றான் கிறிஸ்துராஜா. நேர்த்தி தீர்ந்த பிறகு கடலில் குளித்தால் குற்றமில்லையாம்.

"நீங்கள் வீட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ மச்சாள். உங்களுக்கு முழங்காலும் ஏலாதுதானே" என்றாள் பிரசாந்தினி.

ஐந்தாம் நாள் மத்தியானம், வேலை முடிந்து வந்து குளிர்ப்பெட்டியில் இருந்த சோற்றைச் சூடாக்கும்போது கிறிஸ்துராஜா கூப்பிட்டான். குரல் பதறியது. குழந்தைக்கு இரவிலிருந்து வயிற்றோட்டம், காய்ச்சல். ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம். டொக்டருக்கு ஆங்கிலம் பத்தாது. மெலனிக்கு மருந்தின் பெயர் தெரியும், டொக்டர் கேட்கிற கேள்விதான் விளங்கவில்லை. அழுகிறாள்.

"அக்கா, நீங்கள் உந்தப் பாஷை கதைப்பியள்தானே? ஒருக்காக் கதையுங்கோ. ஸ்பீக்கர்ல போடுறன்."

கிளறிற்றா அடுப்பை அணைத்தாள். இரண்டு வருடமாக அந்த மொழியில் அவள் வாய் திறக்கவில்லை. திறந்ததும் எல்லாம் வந்தது. எப்போதிருந்து, எத்தனை தரம், பால் குடிக்கிறானா, சிறுநீர் போகிறதா, கண் குழி விழுந்திருக்கிறதா. டொக்டர் பெண், நிதானமானவள். அவள் கேட்டதைக் கிளறிற்றா தமிழில் மெலனிக்குச் சொன்னாள், மெலனி சொன்னதை ஸ்பானிஷில் டொக்டருக்குச் சொன்னாள். மெலனியின் விசும்பல் மெல்ல மெல்ல அடங்கியது. பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர்ச்சத்துத்தான் குறைந்திருக்கிறது, உப்பும் சீனியும் கரைத்த மருந்தைக் கரண்டியால் பருக்கினால் போதும் என்றாள் டொக்டர்.

எல்லாம் சொல்லி முடிந்தது. டொக்டருக்குப் போனை வைக்க மனமில்லை போலிருந்தது.

"சினியோரா, நீங்கள் லண்டனில் இருந்தா பேசுகிறீர்கள்? பசிபிக் கரைக்காரர் மாதிரி அல்லவா பேசுகிறீர்கள். என் தாய் அந்தப் பக்கம். நீங்கள் எங்கள் நாட்டில் எங்கே இருந்தீர்கள்?"

அந்த அழைப்பில் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி கேட்கிறாள், ஒருத்தி கேட்கப்படுகிறாள். சான் ஹசிந்தோ என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் இருந்தேன், கடலில் மிதந்தேன், எனக்கென்று ஒரு அறை இருந்தது என்று சொல்லியிருக்கலாம். தம்பிக்கோ பிரசாந்தினிக்கோ ஒரு சொல்லும் விளங்கியிராது. கோபிக்க ஆளில்லை, அழ ஆளில்லை.

"நான் அங்கே வந்ததே இல்லை" என்றாள் கிளறிற்றா. "டீவி பார்த்துப் பழகினேன்."

தமிழில் அவள் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். ஸ்பானிஷில் அவள் சொன்ன முதற்பொய் அதுதான்.

"என்னக்கா, டொக்டர் இவ்வளவு நேரமாக் கதைக்கிறா?" என்று கிறிஸ்துராஜா குறுக்கே விழுந்தான். "பிள்ளைக்கு வேற ஏதும் பிரச்சினையோ? என்னவாம்?"

"ஒண்டுமில்லை ராஜா. பிள்ளைக்குத் தண்ணி நல்லாக் குடுக்கட்டாம்."